மண்டபச் சத்தம் என்றொரு ஃபோல்டர்

போன வாரம் ஒரு சாயங்காலம். பெண்ணுக்கு ஆன்லைன் டியூஷன் நடந்துகொண்டிருந்தது. ப்ளஸ் ஒன், வேதியியல். எங்கள் வீட்டில் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். குக்கர் மூன்றாவது விசில் அடித்தபோது எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. "அந்தக் குக்கரக் கொஞ்சம் எறக்கி வையேன், கிளாஸ்ல எல்லாருக்கும் கேக்கும்" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தேன். பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "கேக்காதுப்பா. போன்லயும் சரி, இதுலயும் சரி, நாய்ஸ அதுவே எடுத்துடும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு போய் ஓர் அலுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. சத்தத்தை எடுப்பது ஒரு காலத்தில் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலை. 2005-லிருந்து கிட்டத்தட்ட ஏழு வருஷம். இப்போது அதை யாரும் செய்யச் சொல்வதுகூட இல்லை. குக்கர் பாட்டுக்குக் கத்திப் பார்க்கிறது, அந்தப் பக்கம் இருப்பவர்களைப் பொறுத்தவரை எங்கள் வீட்டில் சமையலே நடக்கவில்லை. இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், சத்தத்தை எடுக்கப் போய், ஒரு மனுஷனுடைய ஒரே ஒரு ரெக்கார்டிங்கை ஒழித்துக்கட்டியவன் நான். அவன் என் நண்பன். இன்றைக்கும் நண்பன்தான், அதுதான் கஷ்டம்.

நான் வேலை பார்த்த கடை சிதம்பரத்தில், மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. கல்யாண வீடியோ மிக்சிங். கேமராக்காரர்கள் டேப்பைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, தாமரைப்பூ விரிய விரிய மாப்பிள்ளை முகம் வருகிற மாதிரியெல்லாம் செய்து டிவிடியில் போட்டுக் கொடுக்க வேண்டும். படத்தை இன்னொருவர் பார்த்துக்கொண்டார், ஆடியோ என் பாடு. நாள் முழுக்க ஹெட்போன். அந்த ஹெட்போனின் காதுப் பஞ்சு வேர்வையில் ஊறிக் காய்ந்து ஒரு மாதிரி புளித்த வாசனை அடிக்கும். இன்றைக்கும் பஸ்ஸில் பழைய ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் அந்த வாசனை வரும், கூடவே கெட்டிமேளம் கேட்க ஆரம்பித்துவிடும்.

கல்யாணத்தில் எதைச் சத்தம் என்பது, சொல்லுங்கள். எல்லாமே சத்தம்தான். ஆனால் எங்கள் ஓனர் அண்ணனுக்கு அதில் குழப்பமே கிடையாது. மேளம், மந்திரம், வாழ்த்திப் பேசுகிறவர்கள், இதெல்லாம் வேண்டும். ஃபேன், ஜெனரேட்டர், பாத்திரம் விழுவது, "சாம்பார் இந்தப் பக்கம் வரவே இல்ல" என்று யாரோ கத்துவது, இதெல்லாம் வேண்டாம். அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். முக்கியமானவர்கள் யாரும் பேசாத இடமாகப் பார்த்து ஒரு நாலு செகண்டை வெட்டியெடுத்து, இதுதான் சத்தம் என்று சாப்ட்வேருக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த மாதிரி இருக்கிறதையெல்லாம் அது தேடிப் பிடித்து அடக்கிவிடும். ஒரே மண்டபத்தில் திரும்பத் திரும்பக் கல்யாணம் நடக்கிறதல்லவா, ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் மண்டபத்துக்கு ஒரு சாம்பிள் என்று வெட்டி, மண்டபத்தின் பேரைப் போட்டுச் சேர்த்து வைப்பேன். அந்த ஃபோல்டருக்குப் பேர் மண்டபச் சத்தம்.

கடலூரிலிருந்து மங்கலம்பேட்டை வரைக்கும் மண்டபங்கள் அதில் இருந்தன. ஒன்றில் ரயில் போகும். ஒன்றில் மேடைக்கு மேலே இருக்கிற ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தட்டும். இன்னொன்றில் ஜெனரேட்டர், அது ஓடுகிறபோது மணமேடையில் இருக்கிறவர்களின் பல் ஆடுகிற மாதிரி எனக்குத் தோன்றும். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்த மண்டபம் என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் இதுவரை தெரியவில்லை.

அருள் என்னோடு ப்ளஸ் டூ படித்தவன். கடலூர் முதுநகர்க்காரன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் பேண்டு செட்டில் சாக்சபோன். சர்ச் திருவிழா, கல்யாண ஊர்வலம், சில சமயம் துக்க வீடு. தோளில் ஜரிகைக் கயிறு தொங்குகிற சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு சினிமாப் பாட்டு ஊதுவான். ஒரு நாள் மத்தியானம் மாடியேறி வந்து ஒரு சிடியை என் மேஜைமேல் வைத்தான்.

"மச்சான், ஃபைல் கெட்டுப்போச்சு. மூணு வாட்டி டவுன்லோட் பண்ணிட்டேன், மூணு வாட்டியும் அப்பிடியேதான் இருக்கு. நீ நாய்ஸ எடுக்குறவன்தான, சரி பண்ணிக் குடு."

பிரௌசிங் சென்டரில் சாக்சபோன் என்று போட்டுத் தேடப் போய், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் நடத்துகிற வலைப்பதிவில் விழுந்திருக்கிறான். கடையில் கிடைக்காமல் போன பழைய இசைத்தட்டுகள், ஐம்பது காப்பி மட்டும் போட்ட கேசட்டுகள், இதையெல்லாம் அந்த மனுஷர் கம்ப்யூட்டரில் ஏற்றி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்திருந்தார். ஜாஸ் என்று போட்டிருந்தது. ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். துருப்பிடித்த கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் யாரோ எதையோ தரையில் இழுத்தார்கள். மறுபடி கதவு. கெட்டுப்போன ஃபைல்தான், எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கம்போல முதல் நாலு செகண்டை வெட்டி, இதுதான் சத்தம் என்று காட்டி ஓட விட்டேன். ஏழு நிமிஷத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை. தண்ணிக்கு அடியில் யாரோ தும்முகிற மாதிரி இரண்டு இடம், அவ்வளவுதான். "உன் ஃபைல்ல நாய்ஸ் மட்டும்தான்டா இருந்துச்சு" என்று சிடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தான்.

"அது கெட்டுப்போன ஃபைல் இல்ல மச்சான். அந்தாளு தெரிஞ்சேதான் பண்றான்."

"எப்பிட்றா சொல்ற?"

"ஒவ்வொரு வாட்டியும் ஊதறதுக்கு முன்னாடி மூச்சு வாங்குறான். கெட்டுப்போன ஃபைலு மூச்சு வாங்குமா?"

ஆளுக்கொரு காதாக ஹெட்போனை வைத்துக் கேட்டோம். மூச்சு இருந்தது. எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது, ஏனென்றால் காதை வைத்துப் பிழைக்கிறவன் நான். ஊதுகிறவனுக்குத்தான் ஊதுகிறவனின் மூச்சு கேட்கும் போலிருக்கிறது.

அது என்ன இசை என்று அவனே படித்துப் படித்து எனக்குச் சொன்னான். பாட்டு, தாளம் எதையும் முன்கூட்டிப் பேசிக்கொள்ள மாட்டார்களாம். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து, ஒருவர் செய்வதைக் கேட்டு மற்றவர் செய்வது. கதவுச் சத்தம் வந்தால் அதுவும் சேர்த்திதான். ஒரு தடவை வாசித்தது மறுபடி வராது. எனக்கு அதெல்லாம் பிடித்தது என்று சொன்னால் பொய். பாதி நேரம் தலை வலித்தது. ஆனால் அருளுக்கு அது பிடித்துக்கொண்டுவிட்டது. வாரத்தில் ஒரு நாள் லீவு, அந்த ஒரு நாளையும் பிரௌசிங் சென்டரில் கொண்டுபோய்க் கொட்டினான். ஒரு இசைத்தட்டை நாலு துண்டாகப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இத்தனை நிமிஷம் காத்திரு என்று ஃபைலை வைத்திருக்கிற தளம் சொல்லும். காத்திருந்து முக்கால்வாசி இறங்கியிருக்கும், கரண்ட் போய்விடும். கரண்ட் போன காலமெல்லாம் உங்களுக்கே ஞாபகமிருக்கும். மூன்றாவது துண்டு இல்லாமலே பல இசைத்தட்டுகளை நாங்கள் கேட்டிருக்கிறோம். "நடுவுல இல்லியேடா" என்பேன். "பரவால்ல மச்சான், இதுல அதெல்லாம் தெரியாது" என்பான். நாங்கள் பதிந்து வைத்த சிடிகள் இரண்டு ஷூ டப்பா நிறைய இருந்தன. டப்பாவைத் திறந்தால் ஷூ வாசனையும் அவனுடைய வேலைச் சட்டையின் கெமிக்கல் வாசனையும் சேர்ந்து அடிக்கும்.

அவனே அந்த வலைப்பதிவுக்காரருக்கு மெயில் போட்டான். அவனுடைய இங்கிலீஷ் என்னுடையதைவிட ஒரு பிடி மட்டம். நானும் சாக்சபோன், ஊர் கடலூர், உங்கள் ஃபைல்கள் நன்றி, இந்த ரீதியில். அந்த மனுஷர் உடனே பதில் போட்டுவிட்டார். இதுவரை யாருமே பதிவு செய்யாத ஆட்களாகச் சேர்த்து ஒரு சிடி போடப் போகிறேன், கையால் அட்டை செய்து, கொஞ்சம் காப்பிதான், நீயும் ஏதாவது வாசித்து அனுப்பு, வருஷக் கடைசிவரை நேரம் இருக்கிறது என்று. அருள் அதை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டான்.

"பத்து வருஷமா ஊதறேன் மச்சான். எத்தன கல்யாணம். ஒரு வீடியோலயாவது என் சத்தம் இருக்கா? நீங்கதான் அதுமேல சினிமாப் பாட்டப் போட்டு மூடிட்றீங்களே" என்றான். குத்திக்காட்டவில்லை, சும்மாதான் சொன்னான். உண்மையும் அதுதான். ஊர்வலம் வந்தால் பேண்டுச் சத்தத்தை அப்படியே இறக்கிவிட்டுப் பாட்டு போடுவது எங்கள் கடை வழக்கம். அவன் வாசித்த கல்யாணங்களில் எத்தனையோ என் கையால் ஊமையானவை.

ஆடி மாதத்தில் வாசிப்பது என்று முடிவானது. ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபங்களெல்லாம் காலி, எங்கள் கடையிலும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். வடக்குவீதிப் பக்கம் ஒரு பழைய மண்டபத்தில் மானேஜர் எங்களுக்குத் தெரிந்தவர், சாவியைக் கொடுத்துவிட்டார். கடையிலிருந்து கேமராவையும் ஒரு மைக்கையும் எடுத்துக்கொண்டு போனேன். அருள் நைட் ஷிப்ட் முடித்து நேராக பஸ் ஏறி வந்திருந்தான், கண் சிவந்திருந்தது. பகல் பத்து, பத்தரை இருக்கும்.

மண்டபம் காலி என்று மானேஜர் சொன்னாரே தவிர, பின்கட்டில் செல்வி அக்கா இருந்தார். குமராட்சிப் பக்கத்து ஊரிலிருந்து மினிபஸ்ஸில் வருகிறவர். முகூர்த்த நாளில் இங்கே பாத்திரம் கழுவுவார், மற்ற நாளில் நடவு, களையெடுப்பு. ஆடியில் மண்டபத்துப் பாத்திரம் மொத்தத்தையும் இறக்கிப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைப்பது ஒரு வழக்கம், ஆவணி முகூர்த்தத்துக்குத் தயாராக. சமையல் கொட்டகைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கிற கதவு பேர்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் அண்டா, குண்டா, ஜல்லிக்கரண்டி, தாம்பாளம் எல்லாம் பரப்பிக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"தம்பிங்களா, நான் தேச்சிக்கினு இருக்கலாமா, நிறுத்தணுமா?" என்றார்.

"ஒரு அர மணி நேரம் நிறுத்துங்கக்கா" என்றேன் நான்.

"வேணாம்க்கா. நீங்க பாட்டுக்குத் தேயிங்க" என்றான் அருள்.

கேமராவைப் போட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் அவன் ஊதவே இல்லை. கேட்டுக்கொண்டு நின்றான். அக்கா ஒரு அண்டாவைச் சிமென்ட் தரையில் இழுத்தார். அது முடிகிற இடத்தில் அவன் அடிக்குரலில் ஒன்று பிடித்தான், அண்டா இன்னும் இழுபடுகிற மாதிரியே இருந்தது. அக்கா தேய்க்க ஆரம்பித்தார். இவன் ஊதாமல் சாக்சபோனின் சாவிகளை மட்டும் விரலால் தட்டினான். கரண்டி ஒன்று கைதவறி விழுந்தது, இவன் ஒரு கத்து கத்தினான். அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஜல்லிக்கரண்டியை எடுத்து அண்டா விளிம்பில் இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தார். இவன் இரண்டு சின்னதாகத் திருப்பிக் கொடுத்தான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கும் ஊதினான். அதுவரைக்கும் எனக்கு அந்த இசை பிடித்ததில்லை என்று சொன்னேனே, அந்த ஒரு தடவை பிடிபட்டது. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொள்கிறார்கள் என்று புரிந்தது. மயிர்க்கால் எல்லாம் நின்றது. இருபத்திரண்டு நிமிஷம். கடைசியில் அக்கா அண்டாத் தண்ணியைச் சாய்த்துக் கொட்டினார், அது ஓடி முடிகிறவரை இவன் மெதுவாகக் கூடவே போய் நிறுத்தினான். "முடிஞ்சிச்சா?" என்று அக்கா கேட்டது உட்பட டேப்பில் இருந்தது.

அப்புறம் மூன்று பேரும் டீ குடித்தோம். "சாவு வூட்ல வாசிக்கிறாப்ல ஆரம்பிச்சுது. பொறவு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா. "ரேடியோல வருமா தம்பி?"

"வெளிநாட்டுல வரும்க்கா. உங்க பேரும் போடுவாங்க."

"என் பேரு எதுக்கு?" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்: "போடறதுன்னா இனிஷியலோட போடு. கே. செல்வி."

இனி வருவதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அருள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "கம்ப்யூட்டர்ல ஏத்தி எம்பி3 ஆக்கி வெச்சிரு மச்சான், அடுத்த வாரம் வாங்கிக்கிறேன்." சுத்தம் செய் என்று அவன் சொல்லவில்லை. நான் அதை உடனே செய்யாமல் தள்ளிப்போட்டேன், ஆவணி பிறந்துவிட்டது. முதல் முகூர்த்தத்து டேப்புகள் வந்து குவிந்தன. முதுகு வலி, கண் எரிச்சல், ஓனர் அண்ணன் மணிக்கொரு தடவை எட்டிப் பார்க்கிறார். நடுவில் அருளுடையதை எடுத்துப் போட்டேன். ஹெட்போனில் முதலில் கேட்டது மண்டபத்து ஃபேன். கை தன்பாட்டுக்கு, அவன் ஊத ஆரம்பிப்பதற்கு முந்தின நாலு செகண்டை வெட்டி, மண்டபத்தின் பேரைப் போட்டு, ஃபோல்டரில் வைத்துவிட்டது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை மட்டும் செய்யவில்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது. வெளிநாட்டுக்காரன் கேட்கப் போகிறான், நம் ஊர் அண்டா தேய்க்கிற சத்தமா போக வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால் கொடியில் காய்கிற துணியை அவசர அவசரமாக எடுத்துப் போடுவோமே, அப்படி. மண்டபத்தில் மயிர்க்கால் நின்றதெல்லாம் அந்த மேஜையில் ஞாபகத்துக்கு வரவே இல்லை. அண்டா வந்த இடத்தையெல்லாம் வெட்டினேன். வெட்ட முடியாத இடத்தில் அடக்கினேன். அக்காவின் சிரிப்பை எடுத்தேன். அவன் சும்மா நின்ற இடங்களைச் சுருக்கினேன். கடைசியில் கஸ்டமர்களுக்குப் பிடிக்குமே என்று கொஞ்சம் எதிரொலி வேறு சேர்த்தேன். இரண்டு மணி நேர வேலை. ஒன்பது நிமிஷம் வந்தது. அதே பேரில் அதன்மேலேயே சேவ் செய்தேன், ஏனென்றால் கடையில் எப்போதும் ஹார்டு டிஸ்கில் இடம் கிடையாது, வேலை முடிந்தால் பழசை வைத்திருக்கக் கூடாது என்பது சட்டம். டேப்பும் அன்றைக்கே ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டது. டேப்பை நாலைந்து தடவை ஓட்டித்தான் தூக்கிப் போடுவோம். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நண்பனுக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அன்றைக்கு நிம்மதியாகப் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தேன்.

அருள் அதைக் கேட்காமலே அனுப்பிவிட்டான். பிரௌசிங் சென்டரில் ஹெட்போன் வேலை செய்யாது, அவனுக்கு ஷிப்டுக்கு நேரம் ஆகிவிட்டது. கூடவே பேர்களை எழுதியிருக்கிறான்: அருள், சாக்சபோன். கே. செல்வி, பாத்திரங்கள்.

பத்து நாள் கழித்து மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தான். அந்த மனுஷர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். சாக்சபோன் நன்றாக இருக்கிறது, ஆனால் யாருக்கோ பதில் சொல்வது போலவே இருக்கிறது, அந்த ஆளைக் காணோம் என்று. கடைசி வரியை அருள் விரல் வைத்துக் காட்டினான்.

"செல்வி எங்கேன்னு கேட்டிருக்கான் மச்சான்."

ஃபைலைப் போடச் சொன்னான், போட்டேன். ஒன்பது நிமிஷமும் நின்றுகொண்டே கேட்டான். போனில் பேசுகிற ஆளின் ஒரு பக்கப் பேச்சு மட்டும் நமக்குக் கேட்குமே, அந்த மாதிரி இருந்தது. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அக்காவ எடுத்துட்டியா?"

"கொஞ்சம் க்ளீன் பண்ணேன்டா."

"சரி, ஒரிஜினலக் குடு."

டேப்பைத் தேடி எடுத்துப் போட்டேன், ஒருவேளை கடைசியில் கொஞ்சம் மிஞ்சியிருக்குமோ என்று. மாமா மடியில் ஒரு குழந்தை, ஆசாரி ஊசியோடு கிட்டே வர, வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. டேப் முடிகிறவரைக்கும் காதுகுத்துதான். அருள் அதையும் நின்றுகொண்டே பார்த்தான். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "சரி வுடு மச்சான். உனக்கும் வேல ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அந்த ஒரு வார்த்தையை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை.

மார்கழியில் மறுபடி மண்டபம் காலி. கடைசித் தேதிக்கு நாள் இருந்தது. நான்தான் கெஞ்சி இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். செல்வி அக்கா நல்ல புடவை கட்டி, பூ வைத்து வந்திருந்தார். தேய்க்கிறதுக்கு அன்றைக்குப் பாத்திரம் எதுவும் இல்லை, சுத்தமாக அடுக்கி வைத்திருந்ததை இறக்கி, எதிரே உட்கார்ந்து, கச்சிதமாக ஒரே கணக்கில் தட்டினார். அருளும் ஊதினான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பார்த்து நிறுத்தினார்கள்.

"சொல்லி அடிச்சா வர மாட்டேங்குது தம்பி. அன்னிக்கு எப்பிடி அடிச்சேன்னு எனக்கே தெரியல" என்றார் அக்கா. பாவம், அவர் தப்புப் பண்ணிவிட்ட மாதிரி முகம் சுருங்கிவிட்டது. அருள் சாக்சபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். "இது வேணாம்" என்றான். அந்த சிடி நாங்கள் இல்லாமல் வெளியே வந்தது.

அப்புறம் ஒரு முகூர்த்தத்தில் செல்வி அக்காவைப் பார்த்தேன். கை நிறையத் தாம்பாளத்தோடு நின்று, "அந்த வெளிநாட்டுக்காரரு என்னா சொன்னாரு தம்பி?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாருக்கா" என்றேன். "எம்பேரு வந்துச்சா?" "வந்துச்சுக்கா." ஒரு தடவைக்கு இரண்டு பொய்.

அருள் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பேண்டு செட்டில் சினிமாப் பாட்டே ஊதினான். பிறகு மஸ்கட்டுக்குப் போனான். போகும்போது சாக்சபோனைச் சர்ச்சில் கொடுத்துவிட்டான், ஷூ டப்பாக்களை என்னிடம் கொடுத்தான். அந்தச் சிடிகள் இப்போது வெள்ளித்தாள் உரிந்து கிடக்கின்றன, எதுவும் ஓடுவதில்லை. அடுத்த வருஷக் கடைசியில் தானே புயல் வந்ததே, அதில் அந்த மண்டபத்துச் சமையல் கொட்டகை கூரையோடு போனது. அப்புறம் மண்டபத்தையே இடித்தார்கள். புயல் போன கொஞ்ச நாளில் அந்த மாதிரி ஃபைல்களையெல்லாம் வைத்திருந்த தளத்தை மூடினார்கள், ஒரே நாளில் எல்லா லிங்கும் செத்தது. வலைப்பதிவும் கொஞ்ச மாதத்தில் காணாமல் போனது. அந்த வருஷம்தான் எங்கள் கடையும் மூடியது. கேமராக்காரர்கள் அவரவர் லேப்டாப்பில் மிக்சிங் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், எங்களுக்கு வேலை இல்லை. நான் கடலூரில் ஆன்லைன் சேவை மையம் வைத்தேன். பட்டா, ரேஷன் கார்டு, வருமானச் சான்று. ஒரு தடவை பட்டா விஷயமாகக் குமராட்சிக்குப் போனபோது டீக்கடையில், மண்டபத்தில் பாத்திரம் கழுவுவார்களே செல்வி என்று விசாரித்தேன். "எந்தச் செல்விங்க?" என்றார்கள். கே என்ற இனிஷியலைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு விரிவு என்ன என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

நாய்ஸை அதுவே எடுத்துவிடும் என்று பெண் சொன்ன மறுநாள், பரணிலிருந்து கடையின் பழைய ஹார்டு டிஸ்கை இறக்கினேன். கடை மூடியபோது ஓனர் அண்ணன் கழற்றிக் கொடுத்தது. அந்த ஒன்பது நிமிஷம் அதில் இருந்தது. கேட்க முடியவில்லை, அரை நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். பக்கத்தில் மண்டபச் சத்தம் ஃபோல்டர். சும்மா ஒவ்வொரு மண்டபமாகத் தட்டிக்கொண்டே போனேன். ரயில் மண்டபம், ஃபேன் தட்டுகிற மண்டபம். பாதிக்கு மேல் இன்றைக்கு இடித்தாகிவிட்டது. வடக்குவீதி மண்டபத்தின் பேரில் இரண்டு ஃபைல் இருந்தன. முதலாவது வெறும் ஜெனரேட்டர். இரண்டாவதைத் தட்டினேன்.

ஃபேன் ஓடுகிறது. அண்டா ஒன்று சிமென்ட் தரையில் இழுபடுகிறது. செல்வி அக்கா இருமுகிறார், வளையல் சத்தம். அப்புறம் அருள் மூச்சை உள்ளே இழுக்கிறான். அதோடு முடிந்துவிடுகிறது. நாலு செகண்டு.

செல்வி எங்கே என்று அந்த மனுஷர் கேட்டிருந்தார். இங்கேதான் இருந்திருக்கிறார், பதினஞ்சு வருஷத்துக்கு மேலாக, சத்தம் என்று நான் பேர் போட்ட இடத்தில். பதில் எழுதலாம் என்றால் எழுதுவதற்கு அந்த முகவரி இல்லை.

மஸ்கட்டில் அருளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. ஃபைலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் கேட்கும்போது நான் கூட இருக்க வேண்டும் என்று ஆசை. காலையில் போன் போட்டேன். அவனுடைய பையன் பள்ளிக்கூடம், ஊரில் மழை, எனக்குச் சுகர் எவ்வளவு, எல்லாம் பேசினோம். "அருளு, ஒண்ணு போடறேன், கேளு" என்று சொல்லி, போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு தட்டினேன். ஃபேன், அண்டா, இருமல், வளையல், மூச்சு.

"போடு மச்சான்" என்றான் அவன்.

சத்தத்தைக் கூட்டி வைத்து மறுபடி தட்டினேன். அண்டா இழுபடுகிறது. மூச்சு. மூன்றாவது தடவையும் தட்டினேன். உள்ளேயிருந்து பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஒண்ணுமே கேக்கல மச்சான். லைன்ல இருக்கியா?"

"இருக்கேன்" என்றேன்.